இத்தாலியன்ல ஃப்ரெண்டுக்கு பழக்கவழக்கம் பத்தி அட்வைஸ் பண்றது எப்படி, அதட்டுற மாதிரி இல்லாம

கேள்விய மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். பொலோன்யாவுல படிக்கிற ஒருத்தர் கேட்டிருக்காரு: ரூம்மேட் ஒரு இத்தாலியன் பையன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன் பாத்துட்டு காலைல க்ளாஸ விட்டுடறான், காலைல எதுவும் சாப்பிடறதும் இல்ல, அவன் நல்லதுக்குதான் "தேவி தொர்மீரே ப்ரெஸ்தோ" (நீ சீக்கிரம் தூங்கணும்)ன்னு சொன்னேன், அவன் முகம் மாறிடுச்சு, இத எப்படி நட்பா சொல்றது, அதோட பி1 லெவல் இத்தாலியன் எக்ஸாம் வேற வருது, அதுலயும் ஃப்ரெண்டுக்கு அட்வைஸ் சொல்லி மெயில் எழுதணுமாம்.

நல்ல கேள்வி, ஏன்னா க்ளாஸ்ல இத ஒரே ஒரு பாடமா நடத்தி முடிச்சிடுவாங்க, ஆனா கூட தங்குறவங்களோட தினமும் பேசறப்ப இதுதான் உறவ வளக்கும், இல்லன்னா கெடுக்கும். இத்தாலியன் வார்த்தையெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதறேன், உச்சரிப்பு கிட்டத்தட்ட வரும், ஆடியோ கேட்டு சரி பண்ணிக்கோங்க.

நீங்க சொன்ன வாக்கியத்துலயே ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, "தொர்மீரே ப்ரெஸ்தோ"ன்னு இத்தாலியன்ல யாரும் சொல்றதில்ல. நமக்கு "சீக்கிரம் தூங்கு"ன்னா படுக்கப் போறது, தூங்கறது ரெண்டும் அதுலயே அடங்கிடும். அங்க தொர்மீரேன்னா தூக்கத்துல இருக்கறது மட்டும்தான். படுக்கப் போறதுக்கு "அந்தாரே ஆ லெத்தோ". அதனால "அந்தாரே ஆ லெத்தோ ப்ரெஸ்தோ"ன்னு வரணும், அதவிட நல்லது "உன் பொ ப்ரீமா", அதாவது கொஞ்சம் முன்னாடி. ப்ரெஸ்தோன்னா சீக்கிரம்னு ஒரு கட்டளை மாதிரி நிக்குது, உன் பொ ப்ரீமான்னா இப்ப படுக்கற நேரத்துலேர்ந்து கொஞ்சம் முன்னாடி நகத்துன்னு அர்த்தம், கேக்கறவனுக்கு செய்ய முடியும்னு தோணும்.

ரெண்டாவது, அந்த "தேவி". நம்ம ஆளுங்க எல்லாரும் விழற இடம் இதுதான். தமிழ்ல நாம "தூங்கணும்டா", "சாப்பிடணும்ல"ன்னு நாள் பூரா "ணும்" போட்டே பேசறோம், அதுல பாசம்தான் இருக்கு, அதட்டல் இல்ல. அத அப்படியே தேவின்னு மாத்திடறோம். ஆனா பழக்கவழக்கம் பத்தி பேசும்போது தேவின்னா "உனக்கு வேற வழி இல்ல"ங்கற தொனி வந்துடுது, டாக்டர் பேஷண்ட்ட சொல்றது, அம்மா பத்து வயசு பையன்ட்ட சொல்றது மாதிரி. அதுக்காக தேவியே தப்புன்னு ஒதுக்கிடாதீங்க. ஒரு நல்ல விஷயத்த ஆசையா சிபாரிசு பண்றப்ப அதுதான் இயல்பு: "தேவி அஸ்ஸொலுதமெந்தே ப்ரொவாரே க்வெஸ்தோ ஜெலாதோ", இந்த ஐஸ்கிரீம நீ கண்டிப்பா சாப்பிட்டுப் பாக்கணும், இதுல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சந்தோஷத்துக்கு கூப்பிடறப்ப தேவி ஓகே, ஒருத்தரோட குறைய தொடறப்ப தேவி வேணாம். இத மட்டும் நினைவு வெச்சுக்கிட்டாலே உங்க பிரச்சனை பாதி தீந்துடும்.

அப்ப என்ன சொல்றது? எல்லாரும் உடனே "தொவ்ரெஸ்தி"ன்னு சொல்லுவாங்க, அது தேவியோட கண்டிஷனல் வடிவம், அதாவது "செஞ்சா நல்லது"ங்கற மாதிரி மென்மையா சொல்றது. சரிதான், ஆனா அதுலயே நிக்காதீங்க. உங்களுக்கு ஏற்கனவே தமிழ்ல மென்மையா சொல்ற வழி நாலஞ்சு இருக்கு, தினமும் யோசிக்காம பேசறீங்க, அதுக்கு நேர் ஜோடி இத்தாலியன்லயும் இருக்கு. "கொஞ்சம் முன்னாடி படுக்கலாம்ல"ன்னு சொல்றோம் பாருங்க, அந்த லாம்ல இருக்கே, அதுதான் "பொத்ரெஸ்தி": "பொத்ரெஸ்தி அந்தாரே ஆ லெத்தோ உன் பொ ப்ரீமா". "காலைல ஏதாவது சாப்பிட்டுப் பாரேன்"ன்னு சொல்றோம்ல, அந்த பாரேன் தான் "ப்ரோவா ஆ", கேள்வியா கேட்டா "பெர்கே நோன் ப்ரோவி ஆ ஃபாரே கொலாட்ஸியோனே?". "நானா இருந்தா படுத்துடுவேன்"ங்கறது "இயோ அல் பொஸ்தோ தூவோ அந்த்ரேயி ஆ லெத்தோ". "கொஞ்சம் நடந்தா உனக்கு நல்லா இருக்கும்"ங்கறது "தி ஃபரெப்பே பேனே கம்மினாரே உன் பொ". (இந்த ஃபரெப்பே-ல வர்ற ப சத்தம் பம்பரத்துல ரெண்டாவதா வருதே அந்த ப, அதையே கொஞ்சம் அழுத்தணும்.) ஆக நீங்க மனசுல "ணும்"னு நினைச்சு மொழிபெயர்க்கறத விட்டுட்டு, மனசுல மொதல்ல "லாம்ல", "பாரேன்", "நானா இருந்தா"ன்னு நினைங்க, இத்தாலியன் தானா சரியான இடத்துல போய் உக்காரும்.

பெர்கே நோன்-ல ஒரு சின்ன ஜாக்கிரதை. "பெர்கே நோன் ஃபாயி கொலாட்ஸியோனே?"ன்னு மட்டும் கேட்டா அது "நீ ஏன் காலைல சாப்பிடறதில்ல?"ன்னு விசாரணையாவும் கேக்கும், "சாப்பிடேன்"னு யோசனையாவும் கேக்கும், குரல வெச்சுதான் தெரியும். மெயில்ல குரல் இல்லையே. அதனால எழுத்துல ப்ரோவி ஆ சேத்துக்கோங்க, சந்தேகமே வராது.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியம்னு படற விஷயத்துக்கு வர்றேன், எந்த இத்தாலியன் புத்தகத்துலயும் இது இருக்காது ஏன்னா அது தமிழ் பேசறவங்களுக்காக எழுதினது இல்ல. தமிழ்ல பழக்கத்த எப்படி சொல்றோம்? "நான் தினமும் ஆறு மணிக்கு எந்திரிப்பேன்." இது எதிர்காலம் மாதிரி இருக்கு, ஆனா அர்த்தம் பழக்கம். "சின்ன வயசுல தினமும் கிணத்துல குதிப்பேன்." அதே ப்பேன், ஆனா இப்ப அது முடிஞ்சு போன பழக்கம். "நானா இருந்தா சீக்கிரம் எந்திரிப்பேன்." திரும்பவும் அதே ப்பேன், இப்ப அது அட்வைஸ். ஒரே வால், மூணு வேலை. இத்தாலியன்ல இந்த மூணும் மூணு தனித்தனி காலம். இன்னைக்கு இருக்கற பழக்கத்துக்கு சாதாரண நிகழ்காலம், "மி அல்ட்ஸோ அல்லே ஸேயி". பழைய பழக்கத்துக்கு இம்பெர்ஃபெத்தோ, "மி அல்ட்ஸாவோ அல்லே ஸேயி". நானா இருந்தாங்கறதுக்கு கண்டிஷனல், "மி அல்ட்ஸெரேயி அல்லே ஸேயி". நம்ம பசங்க இந்த மூணு எடத்துலயும் எதிர்காலத்த, அதாவது "மி அல்ட்ஸெரோ"வ போட்டுடறாங்க, ஏன்னா மனசுக்குள்ள ப்பேன் ஓடுது. "துத்தி இ ஜொர்னி மி அல்ட்ஸெரோ அல்லே ஸேயி"ன்னு சொன்னா கேக்கறவன் "ஓ, நாளைலேர்ந்து புதுசா ஆரம்பிக்கப் போறான் போல"ன்னு நினைச்சுக்குவான்.

எதிர்மறைலயும் இதே கதை. "நான் ராத்திரில காபி குடிக்க மாட்டேன்"ங்கறது நம்மகிட்ட பழக்கமாவும் இருக்கலாம், இப்ப வேணாம்னு மறுக்கறதாவும் இருக்கலாம். இத்தாலியன்ல பழக்கம்னா "நோன் பேவோ மாயி கஃபே லா ஸேரா", நிகழ்காலம் கூட மாயி (ஒருநாளும்), நோன்னா இல்ல. இங்க நோன், மாயி ரெண்டும் சேந்துதான் வரணும், ரெண்டு இல்ல சேந்தா ஆமாம்னு ஆயிடுமேன்னு ஸ்கூல்ல இங்கிலீஷ் படிச்ச பயத்துல ஒண்ண வெட்டிடாதீங்க.

கண்டிஷனல் வடிவங்கள எல்லா வினைக்கும் மனப்பாடம் பண்ண உக்காந்தா அலுத்துடும். அட்வைஸுக்கு திரும்பத் திரும்ப வர்றது கொஞ்சம்தான்: அந்த்ரேயி (போவேன்), ஃபரேயி (செய்வேன்), ப்ரொவெரேயி (முயற்சி பண்ணுவேன்), எவிதெரேயி (தவிர்ப்பேன்), ஸ்மெத்தெரேயி (நிறுத்திடுவேன்), அப்புறம் எதிராளிக்கு தொவ்ரெஸ்தி, பொத்ரெஸ்தி, ஃபரெஸ்தி. இது நாக்குல ஏறிட்டா போதும். "ஸே ஃபொஸ்ஸி இன் தே"ன்னு ஒண்ணு க்ளாஸ்ல சொல்லித் தருவாங்க, உன் இடத்துல நான் இருந்தான்னு அர்த்தம், அழகா இருக்கும், ஆனா அங்க ஃபொஸ்ஸிக்கு பதிலா "ஸரேயி" போட்டா பெரிய தப்பு, எக்ஸாம்ல நிச்சயமா வெட்டுவாங்க. பதட்டத்துல குழம்பும்னா அல் பொஸ்தோ தூவோ போதும், அதுல குழம்ப எடமே இல்ல. "நாங்க போவோம்"ல மட்டும் கவனம்: அந்த்ரேமோ எதிர்காலம், அந்த்ரெம்மோ கண்டிஷனல், நடுவுல ஒரே ஒரு ம் தான் வித்தியாசம். புளி, புள்ளி ரெண்டையும் பிரிச்சு சொல்ற வாய் நம்மளது, இந்த இரட்டை எழுத்து நமக்கு சுலபமா வரும், வெக்கப்படாம அழுத்தி சொல்லுங்க.

இன்னும் சில வாக்கியத் தொடக்கங்கள் இருக்கு, வேகமா சொல்லிடறேன். "தி கொன்சீல்யோ தி" (நான் உனக்கு சொல்ற யோசனை) எழுத்துக்கு நல்லா இருக்கும், ரூம்மேட்கிட்ட நேர்ல சொன்னா கொஞ்சம் வெறப்பா தெரியும். "தி கொன்வியேனே"ன்னா உனக்கு லாபம், வசதிங்கற அர்த்தம், பஸ்ஸுக்கு மாசாந்திர பாஸ் எடு, டிக்கெட் முன்னாடியே புக் பண்ணுன்னு சொல்ற மாதிரி எடத்துக்கு பொருத்தம், தூக்கம் பத்தி சொன்னா மறைமுகமா மிரட்டற மாதிரி கூட கேக்கலாம். "ஸரெப்பே மேல்யோ" (அப்படி செஞ்சா நல்லது) பரவால்ல. "அவ்ரெஸ்தி தொவூதோ" மட்டும் தொடவே தொடாதீங்க, "நீ அப்பவே செஞ்சிருக்கணும்"னு அர்த்தம், அது அட்வைஸே இல்ல, குத்திக்காட்டறது.

வினைக்குப் பின்னாடி ஆ வருமா தி வருமாங்கறது தனி தொல்லை, இதுல லாஜிக் தேடாதீங்க, ஜோடியாவே மனசுல ஏத்திக்கோங்க. ப்ரொவாரே ஆ (செஞ்சு பாக்க), கொமின்ச்சாரே ஆ (ஆரம்பிக்க), அபித்துவார்ஸி ஆ (பழகிக்க), இதெல்லாம் ஆ. ச்செர்காரே தி (முயற்சி பண்ண), ஸ்மெத்தெரே தி (நிறுத்த), எவிதாரே தி (தவிர்க்க), ரிகொர்தார்ஸி தி (ஞாபகம் வெச்சுக்க), இதெல்லாம் தி (இது di, உனக்குங்கற தி வேற, அது ti). தொவ்ரெஸ்தி, பொத்ரெஸ்தி, தி கொன்வியேனே, தி ஃபரெப்பே பேனே, இதுக்கெல்லாம் பின்னாடி எதுவுமே வராது, நேரா வினைதான்.

அப்புறம் நேரடி கட்டளை, மாஞ்ஜா (சாப்பிடு), தோர்மி (தூங்கு), ப்ரெந்தி (எடுத்துக்கோ). இது மரியாதைக் குறைவுன்னு பயந்து ஒதுக்கிட வேணாம். இத்தாலியன் வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க, பாட்டி பேசறது முழுக்க கட்டளைதான். "மாஞ்ஜா, மாஞ்ஜா!" "கொப்ரிதி, கே ஃபா ஃப்ரெத்தோ!" (போத்திக்கோ, குளுருது), "நோன் உஷீரே கோன் இ கபெல்லி பன்யாதி!" (ஈரத் தலையோட வெளிய போகாத). காத்து பட்டா உடம்புக்கு ஆகாதுங்கற நம்பிக்கை அங்க ரொம்ப ஆழம், கோல்போ தாரியான்னு சொல்லுவாங்க, கழுத்து பிடிச்சுக்கிச்சுன்னாலும் அதுதான் காரணம், வயித்து வலின்னாலும் அதுதான் காரணம். சாப்பிட்ட உடனே கடல்ல குளிக்கக் கூடாதுன்னு குழந்தைங்கள கரையிலயே மணிக்கணக்கா உக்கார வெப்பாங்க. தலைய துவட்டு, வெறும் வயித்தோட போகாதன்னு கேட்டு வளந்த நமக்கு இது ஒண்ணும் அந்நியமே இல்ல, யாராவது உங்ககிட்ட இப்படி கட்டளை போட்டா சந்தோஷப்படுங்க, உங்கள வீட்டு ஆளா எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். ஆனா உங்க ரூம்மேட்கிட்ட அந்த அளவு நெருக்கம் வந்தப்புறம்தான் நீங்க அத திருப்பி பயன்படுத்தணும், அதுவும் சின்ன விஷயத்துக்கு, ஜாக்கெட் போட்டுக்கோ, தண்ணி குடிங்கற அளவுக்கு. தூக்கம், சிகரெட், குடி மாதிரி விஷயத்துக்கு கண்டிஷனல்தான்.

கட்டளைல இலக்கணமா ஒரே ஒரு விஷயம் நினைவு வெச்சா போதும்: "செய்யாத"ன்னு தூ-வுக்கு (நம்ம நீ) சொல்றப்ப நோன் போட்டு வினையோட மூல வடிவத்த அப்படியே வெக்கணும், நோன் ஃபுமாரே, நோன் மஞ்ஜாரே. நோன் ஃபூமா, நோன் மாஞ்ஜான்னா "அவன் பிடிக்கறதில்ல, அவன் சாப்பிடறதில்ல"ன்னு மூணாவது மனுஷன் கதை ஆயிடும்.

பழக்கம்னாலே எத்தனை தடவைங்கறது வந்துடும், அதையும் பாத்துடலாம். ஸெம்ப்ரே எப்பவும், ஸ்பெஸ்ஸோ அடிக்கடி, தி ஸோலிதோ வழக்கமா, ஓன்யி தாந்தோ எப்பவாவது. ஸெம்ப்ரே, ஸ்பெஸ்ஸோ, மாயி இதெல்லாம் வழக்கமா வினைக்கு அடுத்து வரும், "வாதோ ஸ்பெஸ்ஸோ இன் பலெஸ்த்ரா", அடிக்கடி ஜிம்முக்குப் போவேன். தினமும்னா "துத்தி இ ஜொர்னி" இல்லன்னா "ஓன்யி ஜொர்னோ", ஓன்யிக்கு அப்புறம் எப்பவும் ஒருமைதான், ஜொர்னின்னு போட்டுடாதீங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவை "ஊனா வோல்தா அல் ஜொர்னோ", வாரத்துக்கு ரெண்டு தடவை "தூவே வோல்தே அல்லா ஸெத்திமானா". ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு நாம சொல்றதுக்கு அங்க "உன் ஜொர்னோ ஸீ எ ஊனோ நோ", ஒரு நாள் ஆமாம் ஒரு நாள் இல்ல, இத பேச்சுல போட்டீங்கன்னா இத்தாலியன்காரங்க முகமே மலரும்.

கிழமைல ஒரு நுணுக்கம் இருக்கு, எக்ஸாம்ல அடிக்கடி மார்க் போற எடம். "ஸாபதோ வாதோ இன் பலெஸ்த்ரா"ன்னா வர்ற சனிக்கிழமை போறேன். "இல் ஸாபதோ வாதோ இன் பலெஸ்த்ரா"ன்னா சனிக்கிழமைன்னா போவேன், பழக்கம். முன்னாடி ஒரு இல் சேந்ததும் ஒரு தடவை போறது எல்லா வாரமும் போறதா மாறிடுது. ஞாயிறு மட்டும் பெண்பால், அதுக்கு "லா தொமேனிக்கா".

இந்த எத்தனை தடவை வார்த்தைகள்லயே சண்டை வர்றதுக்கும் வழி இருக்கு. "ஸேயி ஸெம்ப்ரே அல் தெலேஃபோனோ", "நோன் ஃபாயி மாயி கொலாட்ஸியோனே", அதாவது நீ எப்பப் பாத்தாலும் ஃபோன்லயே இருக்க, நீ ஒரு நாளும் காலைல சாப்பிடறதே இல்ல, இப்படி ஆரம்பிச்சா தமிழ்ல என்ன ஆகுமோ அதேதான் அங்கயும் ஆகும். எதிராளியோட பழக்கத்துக்கு ஸெம்ப்ரேவும் மாயியும் வேணாம், உங்க பழக்கத்த சொல்ல மட்டும் வெச்சுக்கோங்க. அவன் பத்தி சொல்லணும்னா "உல்திமமெந்தே தி வேதோ உன் பொ ஸ்தான்கோ"ன்னு ஆரம்பிங்க, கொஞ்ச நாளா நீ களைப்பா தெரியறன்னு அர்த்தம். அதுல அக்கறை மட்டும்தான் இருக்கு, புகார் இல்ல.

இப்ப எல்லாத்தையும் சேத்து உங்க ரூம்மேட்டுக்கு என்ன சொல்லலாம்னு ஒரு மாதிரி எழுதிக் காட்டறேன், இத அப்படியே வாய்விட்டு சொல்லிப் பழகுங்க:

"ஸெந்தி, உல்திமமெந்தே தி வேதோ உன் பொ ஸ்தான்கோ. அங்க்கீயோ லான்னோ ஸ்கோர்ஸோ அந்தாவோ ஆ லெத்தோ அல்லே தூவே, எ லா மத்தீனா நோன் ஸெந்தீவோ லா ஸ்வேல்யா. அதெஸ்ஸோ ஸ்பேங்கோ இல் தெலேஃபோனோ அல்லே ஊந்திச்சி எ தோர்மோ மோல்தோ மேல்யோ. பெர்கே நோன் ச்சி ப்ரோவி? பொத்ரெஸ்தி கொமின்ச்சாரே கோன் தூவே ஸேரே அல்லா ஸெத்திமானா."

இதோட அர்த்தம்: இந்தா பாரு, கொஞ்ச நாளா நீ களைப்பா தெரியற. நானும் போன வருஷம் ரெண்டு மணிக்குதான் படுப்பேன், காலைல அலாரமே காதுல விழாது. இப்பல்லாம் பதினோரு மணிக்கு ஃபோன ஆஃப் பண்ணிடுவேன், நல்லா தூங்கறேன். நீயும் ட்ரை பண்ணேன். வாரத்துல ரெண்டு ராத்திரி வெச்சு ஆரம்பிக்கலாம்ல.

இதுல அந்தாவோ, நோன் ஸெந்தீவோ ரெண்டும் இம்பெர்ஃபெத்தோ, பழைய பழக்கம். ஸ்பேங்கோ, தோர்மோ நிகழ்காலம், இப்ப இருக்கற பழக்கம். பொத்ரெஸ்தி கண்டிஷனல், அட்வைஸ். நான் மேல சொன்ன மூணு காலமும் வரிசையா வருது, தமிழ்ல பாருங்க, படுப்பேன், ஆஃப் பண்ணிடுவேன்னு ரெண்டு எடத்துலயும் அதே வால். முன்னாடி "நானும் அப்படித்தான் இருந்தேன்", பின்னாடி "நீயும் பண்ணிப் பாரேன்"னு இருக்கறதால அவனுக்கு உங்க பேச்சு மேலேர்ந்து வர்ற மாதிரி இருக்காது, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருக்கும். கடைசில வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னு சின்னதா ஒரு அளவு குடுத்ததும் முக்கியம், "வாழ்க்கையையே மாத்து"ன்னா யாரும் அசைய மாட்டாங்க. ஃப்ரெண்டு பொண்ணா இருந்தா ஸ்தான்கோவ ஸ்தான்கான்னு மாத்திக்கணும், அவ்ளோதான். ஒண்ணு மட்டும்: நீங்க உண்மையிலேயே முன்னாடி அப்படி இருந்திருந்தாதான் அந்த அங்க்கீயோ வாக்கியம் போடணும், இல்லன்னா "மியோ ஃப்ரதெல்லோ", என் அண்ணன் இப்படி இருந்தான்னு உண்மைய சொல்லுங்க, அதுவும் அதே வேலைய செய்யும்.

ஒரு வார்த்தை வலிமையா இருக்குன்னு தோணினா முன்னாடி "ஸெகோந்தோ மே" (என்னைக் கேட்டா), நடுவுல "மகாரி" (வேணும்னா), "உன் பொ" இதெல்லாம் தூவிக்கலாம். ஒரே வாக்கியத்துல மூணையும் கொட்டாதீங்க, அப்புறம் நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னே புரியாது.

காலைச் சாப்பாடு விஷயத்துல அவங்க பழக்கத்த கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. நமக்கு காலைல இட்லி தோசைன்னு வயிறு நிறையணும், அங்க நிறைய பேருக்கு கொலாட்ஸியோனேன்னா ஒரு காபி, ரெண்டு பிஸ்கட், இல்லன்னா பார்ல கவுண்டர்கிட்ட நின்னுக்கிட்டே ஒரு கப்புச்சினோ, ஒரு கொர்னெத்தோ (க்ராஸான் மாதிரி பன், ஐஸ்கிரீம் இல்ல), முடிஞ்சது. (பார்னா அங்க காபிக்கடை. வடக்கே மிலானோ பக்கம் கொர்னெத்தோவுக்கு ப்ரியோஷ்னு பேரு.) அதனால அவன் வெறும் காபி குடிச்சிட்டு ஓடறத பாத்து "இவன் சாப்பிடறதே இல்ல"ன்னு முடிவு பண்ணி அட்வைஸ ஆரம்பிச்சிடாதீங்க, அவன் கணக்குல அவன் சாப்பிட்டாச்சு. அதே மாதிரி மதியம் சாப்பிட்டப்புறம் நீங்க கப்புச்சினோ ஆர்டர் பண்ணா அவன் உங்களுக்கு அட்வைஸ் பண்ணுவான், பால் சேந்த காபி அங்க காலை விஷயம், சாப்பாட்டுக்கு அப்புறம்னா வெறும் எஸ்ப்ரெஸ்ஸோதான். அத சிரிச்சு ஏத்துக்கோங்க, அட்வைஸ் ரெண்டு பக்கமும் போனாதான் நட்பு.

உடம்பு எடை பத்தி மட்டும் வாயே திறக்காதீங்கன்னு சொல்லுவேன். வீட்டு ஆளுங்களுக்குள்ள அவங்களும் "குண்டாயிட்ட"ன்னு பேசிக்கறது உண்டு, ஆனா வெளி ஆள் சொன்னா அது வேற. நடக்க கூப்பிடணும்னா "அந்தியாமோ ஆ ஃபாரே ஊனா பஸ்ஸெஜாத்தா?"ன்னு கூப்பிட்டு போயிடுங்க. சாயங்காலம் சும்மா ஊருக்குள்ள நடக்கற அந்த பஸ்ஸெஜாத்தா அங்க ஒரு பெரிய பழக்கம், பொலோன்யால அந்த நீளமான வளைவு மண்டபங்கள் இருக்கே, போர்த்திச்சி, மழை பெஞ்சாலும் நனையாம நடக்கலாம், யுனெஸ்கோ 2021ல அத உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. பத்து வாக்கியத்துல சொல்ற அட்வைஸ விட இந்த ஒரு அழைப்பு அதிகமா வேலை செய்யும்.

நண்பன் இல்லாம வயசுல பெரியவங்க, வீட்டு ஓனர், பக்கத்து வீட்டு அம்மான்னா லேயி வரணும், நம்ம நீங்க. வினை மூணாவது ஆளுக்கு உள்ள ஒருமை வடிவம்: தொவ்ரெஸ்தி தொவ்ரெப்பே ஆகும், பொத்ரெஸ்தி பொத்ரெப்பே ஆகும், தி ஃபரெப்பே பேனே "லே ஃபரெப்பே பேனே" ஆகும். "ஸிஞ்யோரா, பெர்கே நோன் ப்ரோவா ஆ கம்மினாரே உன் பொ லா ஸேரா?" வயசானவங்கள பாத்துக்கற வேலைல இருக்கற நம்ம ஆளுங்களுக்கு, பலேர்மோவுல இருக்கற ஈழத்தமிழர்கள் உட்பட, இது ரொம்ப தேவைப்படும். மருந்து சாப்பிட மறக்காதீங்கன்னு சொல்ல "ஸிஞ்யோரா, ஸி ரிகோர்தி தி ப்ரெந்தெரே லா மெதிச்சீனா தோபோ ப்ரான்ட்ஸோ". இங்க நேரா கட்டளை வடிவம்தான், ஆனா லேயிக்கு உரியது, மரியாதையாவே இருக்கும், மருந்து விஷயத்துல தெளிவும் வேணுமே. தெற்குப் பக்கம், நாப்போலி மாதிரி ஊர்ல, பெரியவங்கள வோயின்னு கூப்பிடறதையும் கேப்பீங்க, அது அங்க பழைய மரியாதை வழக்கம். 1938ல முசோலினி ஆட்சில லேயிய விட்டுட்டு வோயிதான் சொல்லணும்னு உத்தரவே போட்டாங்க, ஆட்சி போனதும் லேயி திரும்ப வந்துடுச்சு. நீங்க லேயியவே வெச்சுக்கோங்க, எல்லா ஊர்லயும் செல்லும். அவங்களா "தியாமோச்சி தெல் தூ"ன்னு சொன்னா, வாங்க நீன்னே பேசிக்கலாம்னு அர்த்தம், அப்புறம் மாத்திக்கலாம்.

எக்ஸாம் விஷயம். குடியுரிமைக்கு 2018 கடைசில வந்த சட்டத்துக்கு அப்புறம் பி1 கேக்கறாங்க, நீண்டகால தங்கும் அனுமதிக்கு ஏ2 போதும். ஸியேனாவோட ச்சில்ஸ், பெருஜாவோட ச்செலி, தாந்தே அலிகியேரி சங்கத்தோட ப்லீதா, இந்த மூணு எக்ஸாம்ல எதுல உக்காந்தாலும் நண்பருக்கு மெயில் எழுதற மாதிரி பணி வர வாய்ப்பு அதிகம், அதுல "நண்பருக்கு யோசனை சொல்லு"ங்கறது பழக்கமான தலைப்பு. திருத்தறவங்களுக்கு நீங்க தொவ்ரெஸ்திய அஞ்சு தடவை திரும்பத் திரும்ப போடறத பாக்கப் பிடிக்காது. ஒரு வாக்கியம் தொவ்ரெஸ்தி, அடுத்தது பெர்கே நோன் ப்ரோவி ஆ, அடுத்தது அல் பொஸ்தோ தூவோ, நடுவுல உங்க பழைய பழக்கத்துக்கு ரெண்டு இம்பெர்ஃபெத்தோ, ஒரு இடத்துல உன் ஜொர்னோ ஸீ எ ஊனோ நோ, இவ்ளோ இருந்தா மொழி உங்க கைல இருக்குன்னு காட்டிடலாம். தூ-ல ஆரம்பிச்ச மெயில நடுவுல லேயிக்கு மாத்திடாதீங்க, பதட்டத்துல அது நடக்கும், எழுதி முடிச்சதும் அதுக்காகவே ஒரு தடவை படிச்சுப் பாருங்க. முடிக்கறப்ப "ஃபம்மி ஸபேரே கொமே வா" (எப்படிப் போகுதுன்னு சொல்லு), "உன் அப்ராச்சோ" போட்டா போதும்.

கடைசியா, அவன் என்ன பதில் சொல்றான்ங்கறத புரிஞ்சுக்கணும். "ஆயி ரஜோனே, ச்சி ப்ரோவோ"ன்னா சரிதான், முயற்சி பண்றேன். "ச்சி பென்ஸோ"ன்னா யோசிக்கறேன், பாதி நேரம் மரியாதையா தள்ளிப்போடறது. "லோ ஸோ, லோ ஸோ"ன்னு ரெண்டு தடவை வேகமா வந்தா அவனுக்கு ஏற்கனவே தெரியும், நாலு பேர் சொல்லியாச்சு, அங்கயே நிறுத்திட்டு வேற பேச்சுக்குப் போயிடுங்க. "மகாரி!"ன்னு மட்டும் ஆச்சரியமா சொன்னா அது "வேணும்னா" இல்ல, "அப்படி நடந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!"ங்கற ஏக்கம், அதாவது அவனுக்கு ஆசை இருக்கு ஆனா ஏதோ தடுக்குது, பார்ட் டைம் வேலையோ, தூக்கம் வராத பிரச்சனையோ. அப்ப அட்வைஸ விட்டுட்டு "பெர்கே, கே ஸுச்சேதே?"ன்னு கேளுங்க, ஏன், என்ன ஆச்சு. அப்புறம் அவன் பேசட்டும்.